பாலக்கரை ஹெரால்டும் யாழ்ப்பாணத்து மைனரும்

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. ஆனால் மறு ஆண்டு இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கிக் கட்டப்பட்டதுதான். ஆகவே திருச்சி பாலக்கரையில் ஹெரால்டுக்கு அடியில் படுத்து வேலை செய்தவருக்கு அந்த ஸ்போர்ட்ஸ் காரின் வைத்தியத்தில் பாதி தெரியும். மீதிப் பாதி கதவுக்கு அடியில் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரில் ஹெரால்டுக்குள்ள பக்கச் சட்டங்கள் கிடையாது. கதவடியில் ஓடும் பெட்டித் தகடே பாரம் தாங்குகிறது. அதைத் துரு தின்றால் வண்டி நடுவில் தொய்ந்து, கதவு சாத்தாது.

பொன்மலை ரயில்வே பணிமனையும் பெல் ஆலையும் உள்ள திருச்சியில் வெல்டிங் கைத்திறனுக்குக் குறைவில்லை. கடற்காற்று இல்லாததால் துருவும் மெதுவாகத்தான் ஏறும். இங்குள்ள குறை வேறு: பலவீனமான இடம் கண்டால் அதன்மேல் கனத்த தகடு ஒன்றை வைத்துப் பற்றவைத்துவிடுகிறோம். கனத்த இரும்பு முடிந்து மெல்லிய இரும்பு தொடங்கும் கோட்டில் குலுக்கலெல்லாம் குவிகிறது. பற்றுக்குப் பக்கத்திலேயே விரிசல் விழுகிறது. தகடு வைத்தே ஆகவேண்டுமென்றால் அதன் முனையைச் சரிவாகச் சீவ வேண்டும். சட்டத்தின் குறுக்கே நேர்கோடாகப் பற்றவைக்கக் கூடாது.

இலங்கையில் உப்புக்காற்று. அங்கே நிலைத்த மாரிஸ் மைனருக்குத் தனிச் சேசிஸும் இல்லை, உடம்பே சட்டம். 1977 வரை இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடு, பிறகு 1990களில் யாழ்ப்பாணத்தாரை மண்ணெண்ணெயில் கார் ஓட்டவைத்த பொருளாதாரத் தடை, 2020இல் மறுபடி வாகன இறக்குமதித் தடை என்று, இருக்கும் வண்டியைக் காப்பாற்றியே தீர வேண்டிய நிலை. துருப்பிடித்ததை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, அதே கனத்தில், அதே வடிவில் புதுத்துண்டு சேர்க்கும் வழி அங்கே வேரூன்றியது. தென்மேற்குக் கரையில் கொஸ்கொடவில் மைனருக்கான தகடுகளைச் செய்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். எனக்கு இதுவே சரியான வழி.

நம் நாட்டுச் சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது. 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த கார் விண்டேஜ் பதிவு பெற, சேசிஸும் உடம்பும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன் செய்யவேண்டியது இரு கரைக்கும் ஒன்றே. சமதளத்தில் நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்குக் கம்பி பற்றவைத்து, மூலைக்கு மூலை அளவெடுத்துச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். இந்த அளவில்லாமல் கட்டிங் மெஷினைத் தொடுகிறவரிடம் நான் வண்டியைக் கொடுக்க மாட்டேன். துரு ஏறாத ஒரு ஹெரால்டு சட்டத்தை மாதிரியாக வைத்தால், அதன் பக்கக் கைகளை அதே கனத் தகட்டில் மடித்துத் தர திருச்சியின் துவாக்குடிப் பட்டறைகளால் முடியும்.