நெகடிவும் தீர்ப்பும்

பிலிமில் படமெடுப்பவர்கள் கூடுகிற இடத்தில் படங்கள் தனியாக வருவதில்லை. ஒவ்வொன்றுடனும் ஒரு ஜாதகம் வருகிறது. காமிரா எது, லென்ஸ் எது, பிலிம் எது, எந்த டெவலப்பர், எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம். டிரை-எக்ஸ், டி-76 ஒன்றுக்கு ஒன்று கரைத்தது, 20 டிகிரி, ஒன்பதே முக்கால் நிமிஷம் என்று எழுதியிருக்கும். தன் வேலைமுறையை இவ்வளவு பகிரங்கமாக எழுதி வைக்கிற வழக்கம் மற்றக் கலைக்காரர்களிடம் அநேகமாக இல்லை. ஒரு கவிதை எத்தனை பிரதி கண்டது, எந்த வரி எப்போது அடிபட்டது என்று எந்தக் கவிஞனும் கவிதைக்குக் கீழே எழுதுவதில்லை. எனவே இந்தப் பழக்கத்தை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒப்பிட்டுப் பேசத் தொடங்கியதும் பேச்சு வேறு திசையில் போகிறது. ‘இந்தக் கறுப்பு டிரை-எக்ஸுக்கே உரியது’, ‘போர்ட்ராவில் தோல் நிறம் இப்படித்தான் வரும்’, ‘எச்.பி.5 கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி’ என்கிறார்கள். படத்தில் ஒரு கிழவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தில் பாதி ஏன் இருட்டில் போயிற்று, போனது சரியா என்று யாரும் கேட்பதில்லை. கிழவர் பிலிமுக்குச் சாட்சி சொல்ல வந்தவராகிவிடுகிறார். என் ஆட்சேபம் ஒன்றுதான். யாரோ ஒருவர் செய்த தீர்மானம் இங்கே பொருளின் குணமாகச் சொல்லப்படுகிறது.

நெகடிவில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். ஜெலட்டினில் பொதிந்த வெள்ளி உப்புத் துகள்கள் வெளிச்சம் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மாறுதலை அடைகின்றன. டெவலப்பர் அவற்றை வெள்ளியாக்குகிறது. மிச்சத்தை ஹைப்போ கரைத்துவிடுகிறது. நிற்பது வெள்ளியின் அடர்த்தி மட்டும்: இங்கே அதிகம், அங்கே குறைவு என்கிற ஒரு கணக்கு. இந்தக் கணக்கில் எது முழுக் கறுப்பாக வேண்டும், எது வெள்ளையாகக் கரைய வேண்டும் என்பது பிரிண்ட் போடும்போது நிர்ணயமாகிறது. என்லார்ஜரின் கீழ் எத்தனை விநாடி, எந்தக் காண்ட்ராஸ்ட் காகிதம், எந்த மூலையைக் கையால் மறைப்பது, எந்த மூலைக்குக் கூடுதல் வெளிச்சம் கொடுப்பது என்பதெல்லாம் இருட்டறையில் ஒருவர் எடுக்கும் முடிவுகள். பிரிண்டில் மிகக் கறுப்பான இடம் நெகடிவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத இடம். ‘டிரை-எக்ஸின் கறுப்பு’ என்று ரசிக்கப்படுவது காகிதத்தின் கறுப்பு. தவிர, 35 மி.மீ. சுருளாக 1954-இல் வந்த டிரை-எக்ஸும் இன்றைய டிரை-எக்ஸும் ஒன்றல்ல. கோடாக் அதைப் புதிய ஆலையில் தயாரிக்கத் தொடங்கியபோது டெவலப் நேரங்களையே மாற்றி அறிவிக்க வேண்டியிருந்தது.

கலர் நெகடிவில் விஷயம் இன்னும் அப்பட்டமானது. சாயங்களின் குறையை ஈடுகட்ட வைத்த ஆரஞ்சு நிறம் சுருள் முழுதும் படர்ந்திருக்கிறது. அதைக் கழித்து, தலைகீழாக்கி, மூன்று வர்ணங்களையும் சமன் செய்தால்தான் படம் என்று ஒன்று கிடைக்கும். இன்று இதைப் பெரும்பாலும் ஸ்கேனர் செய்கிறது. லாபில் பூஜியின் பிரான்டியர் இருக்கும், அல்லது நோரிட்சு இருக்கும். ஒரே நெகடிவுக்கு இரண்டும் இரண்டு முகம் கொடுக்கும். அன்பர்களுக்கு இது தெரியாததல்ல. ‘பிரான்டியரில் போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்குகிறவர்களே உண்டு. தெரிந்தும், கூட்டத்தில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு பிலிமைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒப்பிடப்படுவது இரண்டு யந்திரங்களின் கணக்கும் அவற்றை இயக்கியவரின் ரசனையும். பொத்தானை அமுக்கிய அந்த லாப் பையனின் அபிப்பிராயம் போர்ட்ராவின் சுபாவமாகிவிடுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயது. அது ஆரம்பமான இடம் இங்கிலாந்தில் விட்னஸ் என்ற ஊரின் ரசாயனத் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்த இருவர், ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ரசாயன நிபுணர் பெர்டினான்ட் ஹர்ட்டர், எஞ்சினீயர் விரோ டிரிபீல்ட். இருவருக்கும் போட்டோ ஓய்வுநேர ஆசை. அது பிலிம் காலம் அல்ல, கண்ணாடித் தகட்டின் காலம். எக்ஸ்போஷரைக் குத்துமதிப்பாகக் கொடுத்து, டெவலப் செய்யும்போது கைப்பக்குவத்தால் சரிக்கட்டிவிடலாம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். இவர்களுக்கு அந்த நம்பிக்கை போதவில்லை. தகட்டில் படும் வெளிச்சத்தையும் கிடைக்கும் அடர்த்தியையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாகப் போட்டு, 1890-இல் பிரசுரித்தார்கள். எந்த பிலிமைப் பற்றிய பேச்சுக்கும் அஸ்திவாரம் இன்றும் அந்த வளைகோடுதான். அதிலிருந்து அவர்கள் சொன்ன முடிவு கடுமையானது. டெவலப் செய்வதை நீட்டலாம், குறைக்கலாம். ஆனால் அடர்த்திகளுக்குள் இருக்கும் விகிதத்தைப் போட்டோகிராபரின் இஷ்டத்துக்கு வளைக்க முடியாது.

இது ஒருவரை நிலைகுலைய வைத்தது. பீட்டர் ஹென்றி எமர்சன் வைத்தியம் படித்தவர். நார்போக் சதுப்பு நிலங்களில் நாணல் அறுப்பவர்களையும் படகுக்காரர்களையும் எடுத்த பிளாட்டினம் பிரிண்டுகளை 1886-இல் புத்தகமாக்கியவர். போட்டோ ஒரு தனிக் கலை என்று 1889-இல் ஒரு நூல் எழுதி, சண்டை போட்டு, சீடர்களையும் சேர்த்துக்கொண்டவர். ஹர்ட்டர்-டிரிபீல்ட் ஆராய்ச்சியைக் கண்டபின் 1891 ஜனவரியில், மரணச் செய்தி மாதிரி கறுப்புக் கட்டம் போட்ட ஒரு சிறு பிரசுரத்தில் தன் கொள்கை செத்துவிட்டது என்று அறிவித்தார். தொனிகளை விருப்பப்படி மாற்ற முடியாதென்றால் கலைஞனுக்கு அங்கே வேலை இல்லை. எனவே போட்டோ கலை இல்லை என்பது அவர் தர்க்கம். தர்க்கத்தில் ஓட்டை இல்லை மாதிரித்தான் தோன்றும். ஆனால் அவர் காமிராவைக் கீழே வைக்கவில்லை. பனியில் பாதி கரைந்த மரங்களும் நீரும் கொண்ட ‘மார்ஷ் லீவ்ஸ்’ 1895-இல் வந்தது. அவர் செய்ததில் மிகச் சிறந்தது அதுதான் என்று சொல்ல இடமிருக்கிறது. கலை இல்லை என்று தீர்ப்பளித்துவிட்ட பின், எந்த நேரத்துப் பனி, எந்தத் தூரம், எவ்வளவு வெறுமை என்றெல்லாம் தேர்ந்துகொண்டிருந்தது யார்? அளவையில் அகப்படாத இந்தத் தேர்வுகளை எமர்சன் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அதே வளைகோட்டை எடுத்துக்கொண்டு நேர் எதிரான முடிவுக்கு வந்தவர் ஆன்ஸல் ஆடம்ஸ். 1932 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் டி யங் மியூசியத்தில் எப்.64 என்ற குழு ஒரு கண்காட்சி வைத்தது. எட்வர்ட் வெஸ்டன், இமொஜென் கன்னிங்ஹாம், வில்லர்ட் வான் டைக், ஆடம்ஸ் உட்பட ஏழு பேர். அழைக்கப்பட்டவர்கள் நான்கு பேர். லென்ஸின் மிகச் சிறிய துவாரத்தின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஓவியத்தைக் காப்பியடிக்கும் மங்கல் படங்களுக்கு எதிராக, கூர்மையான, ‘சுத்தமான’ போட்டோ என்பது கோஷம். சிறு குழுக்களுக்கு உரிய ஆயுளோடு சில வருஷங்களில் கலைந்தும் போனார்கள். 1939-40 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸ் கலைப் பள்ளியில் ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து ஜோன் சிஸ்டம் என்ற முறையை உருவாக்கினார். காட்சியின் எந்த வெளிச்சம் பிரிண்டில் எந்தத் தொனியாக வேண்டும் என்று முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்கேற்ப எக்ஸ்போஷரையும் டெவலப் நேரத்தையும் நிர்ணயிக்க வேண்டும். ஹர்ட்டரும் டிரிபீல்டும் அளந்தது எமர்சனுக்கு விலங்கு. ஆடம்ஸுக்கு அது கருவி. எமர்சன் பொருளிடம் ‘நீ என்ன அனுமதிப்பாய்’ என்று கேட்டார். ஆடம்ஸ் ‘எனக்கு இது வேண்டும்’ என்பதில் ஆரம்பித்தார்.

ஆடம்ஸின் மிகப் பிரசித்தமான படம் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில், மறையும் வெயிலில் கல்லறைச் சிலுவைகளும் மேலே நிலாவுமாக 1941-இல் எடுத்தது. லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவிருந்ததால் மனசுக்குள் கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது தகட்டுக்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. இதுவரை கதை எல்லோருக்கும் பிடித்தது. அதன் பிறகுதான் விஷயம். கீழ்ப்பகுதி சோகையாக இருந்ததால் 1948-இல் நெகடிவின் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் அடர்த்தி ஏற்றினார். ஆரம்பப் பிரிண்டுகளில் வானம் சாம்பல், மேகங்களும் தெரிகின்றன. பின்னால் வந்தவற்றில் வானம் கறுத்துக்கொண்டே போய், 1970களில் ஏறக்குறைய முழு இருட்டு. ஒரே நெகடிவிலிருந்து அவரே ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் பிரிண்ட் போட்டிருக்கிறார். பியானோக் கலைஞராக வேண்டியிருந்தவர் அவர். நெகடிவ் ஸ்வரம் எழுதிய தாள், பிரிண்ட் அதை வாசிப்பது என்று ஒப்புமை சொன்னார். ‘சுத்தமான’ போட்டோவின் தலைமகன் முப்பது வருஷம் ஒரு வானத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். இதில் எது ‘ரிசல்ட்’? எந்த வானத்தை எந்த பிலிமின் பெயரில் எழுதுவது?

பிலிமுக்குக் குணமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. சிவப்பை அறியாத ஆர்த்தோ பிலிமில் உதடு கறுத்துவிடும். நீலத்துக்கு மட்டும் மசியும் பழைய தகடுகளில் வானம் வெறும் வெள்ளை. மேகம் வேண்டுமென்றால் இன்னொரு நெகடிவிலிருந்து ஒட்ட வேண்டும். நீண்ட எக்ஸ்போஷரில் பிலிமின் வேகம் குறைந்துபோகும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் இவற்றை எந்தக் குழுவும் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். அப்படிச் செய்கிற ஒப்பீடு பிரயோஜனமானது. பொருளுக்குக் குணம் உண்டு. விருப்பம் இல்லை. விருப்பத்தையும் அதனிடமே ஒப்படைத்துவிடும்போதுதான் பேச்சு கடைக்காரர் பேச்சாகிறது.

கிரெயின் விவகாரத்தில் இது நன்றாகத் தெரிகிறது. பல பத்தாண்டுகள் பிலிம் கம்பெனிகள் அந்தச் சொரசொரப்பைக் குறைக்கப் பாடுபட்டன. தட்டைத் துகள்கள் கொண்ட டி-மாக்ஸ் 1986-இல் வந்தது அதற்குத்தான். இன்று கிரெயின் நேர்மையின் முத்திரை. சொரசொரப்பு இருந்தால் படம் உண்மையானது, கையால் செய்தது, மனிதத்தன்மை உள்ளது. பிரிண்டில் கிரெயின் என்று தெரியும் கரும்புள்ளிகள் நெகடிவில் வெள்ளித் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் என்பது ஒரு புறம் இருக்கட்டும். மொண்ணையாக எடுத்த ஒரு தெருவைக் கிரெயின் காப்பாற்றாது. அந்தத் தெருவில் எங்கே நிற்பது என்று எடுத்தவருக்குத் தெரியவில்லை என்பதை அது சற்று நேரம் மறைக்கும்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு இது புது வியாதி இல்லை. யாப்பை விட்டதே நவீனம், படிமம் இருப்பதே ஆழம், பேச்சு வழக்கில் எழுதியதே மண்ணின் வாசனை என்று நாம் பேசிக்கொண்டு வந்திருப்பதும் இதே பேச்சு. ‘புதுக்கவிதையில் இப்படித்தான் வரும்’ என்பது ‘போர்ட்ராவில் இப்படித்தான் வரும்’ என்பதற்கு அண்ணன். வடிவம் செய்துவிட்டதாகச் சொல்லிவிட்டால் எழுதியவர் பதில் சொல்ல வேண்டியதில்லை, விமர்சகரும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் சௌகரியம். பிலிம்காரர்களாவது டிகிரியையும் நிமிஷத்தையும் எழுதி வைக்கிறார்கள். சரிபார்க்க வழி இருக்கிறது. நம்மிடம் அதுவும் கிடையாது.

ஒப்பிட்டுப் பார்ப்பதை விடச் சொல்லவில்லை. ஒப்பீடு இல்லாமல் ரசனை வளராது. ஆனால் இருட்டறை உள்ள ஒரு குழு ஒரு காரியம் செய்து பார்க்கலாம். ஒரே நெகடிவை நாலு பேரிடம் கொடுத்து, ஆளுக்கொரு பிரிண்ட் போட்டுவரச் சொல்லலாம். நெகடிவையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் வைக்கலாம். பிலிம், காகிதம், டெவலப்பர் எல்லாம் ஒன்றே. நாலு படமும் நாலு விதமாக இருக்கும். இனிப் பழி போடப் பொருள் எதுவும் மிச்சம் இல்லை. கிழவரின் முகத்தில் அந்தப் பாதியை ஏன் இருட்டில் விட்டாய் என்று ஒருவர் கேட்டால், விட்டவர் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணம் போதுமா என்று மற்ற மூவரும் பேச ஆரம்பிக்கலாம். விமர்சனம் அங்கேதான் ஆரம்பமாகிறது.