1992: ஏ சைடு, பி சைடு

எந்த ஆல்பம் எவ்வளவு விற்றது என்பதை அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வெகுகாலம் கடைக்காரர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டது. கடைக்காரரும் தனக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1991 மே மாதம் முதல் பார்கோடு வழியாகக் கல்லாவிலேயே கணக்கெடுக்கும் சவுண்ட்ஸ்கேன் முறைக்கு அந்தப் பத்திரிகை மாறியது. அதுவரை பட்டிக்காட்டுப் பாட்டு என்று பெருநகரத்தார் ஓரங்கட்டி வைத்திருந்த கன்ட்ரி இசை, எண்ணத் தொடங்கியதுமே விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டது. 1992க்கான ஆண்டுப் பட்டியலில் முதலிடம் கார்த் ப்ரூக்ஸ் பாடிய ‘ரோப்பின் த விண்ட்’டுக்கு. தொப்பி போட்ட நாட்டுப்புறத்தான் ஒருத்தன் பாப் நட்சத்திரங்களையெல்லாம் கீழே தள்ளியிருந்தான்.

அதே 1992இல் நம் பக்கத்துக் கேசட்டுகளை எண்ணியவர்கள் யாருமில்லை. கம்பெனி சொன்னதே கணக்கு, அதுவும் ஒரிஜினல் கேசட்டுக்கு மட்டும். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் தெருவுக்குத் தெரு இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில் பதிந்து வாங்கியது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அதையும் சேர்த்து எண்ணியிருந்தால் கொங்கு நாட்டில் முதல் மூன்று இடங்களுக்குள் ‘சின்ன கவுண்டர்’ இருந்திருக்கும் என்பது என் துணிபு. நிரூபிக்க வழியில்லை. மறுக்கவும் வழியில்லை.

ரெக்கார்டிங் சென்டர்காரர்தான் அந்தக் காலத்தின் உண்மையான விமர்சகர். நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோன பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அறுபது நிமிஷக் கேசட்டா, தொண்ணூறா என்று மனக்கணக்குப் போடுவார். “கடைசிப் பாட்டு பாதியில நின்னுபோகுமுங்க, பரவால்லீங்ளா?” என்று கேட்டுவிட்டு, எதை எடுத்துவிடலாம் என்று அவரே யோசனையும் சொல்வார். பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்துக் கொடுப்பார், மேலே வேறு எதுவும் பதிந்து பாட்டு அழிந்துவிடக் கூடாதென்று. அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் பாட்டு வரிசை. எழுத்துப் பிழைக்கெல்லாம் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் விளைச்சல் அமோகம். பொங்கலுக்கு ஒரே நாளில் ‘மன்ன’னும் ‘சின்ன கவுண்ட’ரும் வந்தன, இரண்டுக்கும் இளையராஜா. தமிழ்ப் புத்தாண்டையொட்டி ‘சிங்காரவேலன்’. ஜூனில் தேவாவின் ‘அண்ணாமலை’. ஆகஸ்ட் 15 அன்று ‘ரோஜா’. தீபாவளிக்குத் ‘தேவர் மகன்’.

‘மன்ன’னில் ரஜினி முதன்முதலாகச் சொந்தக் குரலில் பாடினார் என்பது வியாபாரத்துக்கு உதவியது, இசைக்கு அவ்வளவாக இல்லை. ‘அண்ணாமலை’யின் பால்காரன் பாட்டு ஆட்டோ ஸ்டாண்டுகளை ஆண்டது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

‘சின்ன கவுண்ட’ரில் பாடல்களை எழுதியதும் படத்தின் இயக்குநர் ஆர்.வி.உதயகுமாரேதான். கதையை எழுதிய கையே பாட்டையும் எழுதியதால் வசனத்திலிருந்து பாட்டுக்குத் தாண்டும்போது இடறல் இல்லை. ‘முத்துமணி மாலை’யை எஸ்.பி.பி.யும் பி.சுசீலாவும் பாடியிருக்கிறார்கள். சுசீலா அப்போதே நாற்பது ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருந்த பாடகி. கிராமத்துப் பாட்டு என்றாலே தொண்டையைத் திறந்து கத்த வேண்டும் என்ற பழக்கத்துக்கு அவர் மசியவில்லை. சொல்லைத் தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டு நகர்கிறார். எஸ்.பி.பி.யும் தன் வழக்கமான குறும்புகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போகிறார். இரண்டு பெரிய பாடகர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் இந்தப் பாட்டுதான்.

‘அந்த வானத்தைப் போல’ ராஜாவே பாடியது. பளபளப்பில்லாத அந்தக் குரல்தான் ஊர்ப் பெரியவரைப் புகழும் பாட்டுக்குப் பொருத்தம். ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டின் பெரிய கேசட்டுகளில் இரண்டின் அட்டையிலேயே சாதிப் பெயர் இருந்தது. ‘தேவர் மக’னின் ‘போற்றிப் பாடடி’ பின்னாளில் சாதி விழாக்களின் கொடிப் பாட்டாகவே ஆனது. மெட்டு மனசுக்குள் போகிற வேகத்தில் அதன் முதுகில் வேறு சிலவும் ஏறிக்கொண்டு போய்விடுகின்றன.

‘தேவர் மகன்’ தென்மாவட்டத்துக் கதை என்றாலும் அதன் பெரிய வீடு பொள்ளாச்சிக்குப் பக்கத்திலிருக்கும் சிங்காநல்லூர் அரண்மனை. அதனாலேயே எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் படத்தில் ஒரு சொந்தம் உண்டு.

இனி ‘ரோஜா’. கோடம்பாக்கத்து வீட்டு ஸ்டுடியோவில் ரகுமான் என்ற ஒரு புதுப் பையன் கம்ப்யூட்டரில் அடுக்கடுக்காகப் பதிந்து செய்த இசை. அதன் புதுமையைச் சென்னையில் நல்ல ஸ்பீக்கரில் கேட்டு வியந்தவர்கள் உண்டு. கோவை – பொள்ளாச்சி தனியார் பஸ்ஸில் கேட்டுப் புரிந்துகொண்டவர்கள் வேறு ரகம். நாற்பது கிலோமீட்டர், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் ஏ சைடு, பி சைடு இரண்டும் முடிந்துவிடும். டிரைவர் வைத்திருப்பது பெரும்பாலும் நகலின் நகல். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதியப் பதிய முதலில் தேய்வது டிரெபிள். வயலின் மங்கும், தாளத்தின் ஜிலுஜிலுப்பு போகும், இரைச்சல் கூடும். கீழ் ஸ்தாயி மட்டும் தாக்குப்பிடிக்கும். ராஜாவின் பேஸ் கிடார் லேசுப்பட்டதல்ல. ஆனால் அது எப்போதும் வயலின்களோடு பேசிக்கொண்டே போவது. வயலின் தேய்ந்துவிட்டால் பாதிப் பேச்சுதான் காதில் விழும். ‘சின்னச் சின்ன ஆசை’யிலோ அடியிலிருக்கும் பேஸும் தாளமும் மேலே மின்மினியின் குரலும் போதும், பாட்டு நின்றுவிடும். நடுவில் தாராளமாக இடம் விட்டுச் செய்த இசை அது. மூன்றாவது நகலிலும், பின் சீட்டுக்கு மேலிருந்த ஸ்பீக்கர் பாக்ஸிலும், சோமனூர் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவிலும் அது தேயாமல் வந்ததற்கு இந்தக் காலியிடம் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

‘தேவர் மக’னின் ‘இஞ்சி இடுப்பழகி’ இதற்கு நேரெதிர். எஸ்.ஜானகி அதைப் பாடத் தெரியாத பெண் பாடுவதுபோலத் தயங்கித் தயங்கித் தொடங்குகிறார். வெட்கத்தில் மூச்சு முட்டுகிறது, பிறகு குரல் தானாகப் பிடி கொடுக்கிறது. பாடத் தெரியாததுபோல் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்பது மேடையேறியவர்களுக்குத் தெரியும். அந்த மூச்சுகளெல்லாம் நகல் கேசட்டில் இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விட்டன. இந்தப் பாட்டை ஒரிஜினலில்தான் கேட்க வேண்டும்.

அந்த ஆண்டின் இசைக்காக ஒழுங்காக ஓட்டு எண்ணியது தேசிய விருதுக் குழு. ஜானகிக்கும் ‘ரோஜா’வின் பாடலாசிரியர் வைரமுத்துவுக்கும் விருது முடிவானது. இசையமைப்பாளர் விருதுக்கு ‘ரோஜா’வும் ‘தேவர் மக’னும் சம ஓட்டில் நின்றன. குழுத் தலைவர் பாலு மகேந்திரா, ‘மூடுபனி’யிலிருந்து தன் படங்களுக்கு ராஜாவையே நம்பியவர், தன் ஓட்டை ரகுமானுக்குப் போட்டார். சரியான ஓட்டு என்றுதான் எனக்கும் படுகிறது, ‘இஞ்சி இடுப்பழகி’யைக் கேட்கிற நாட்கள் நீங்கலாக.