அம்மாவே ஆசிரியை: அமெரிக்கக் கிறிஸ்தவ வீட்டுக்கல்வியின் பலமும் குறையும்

அமெரிக்காவில் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளிடம் அதில் என்ன நன்மை என்று கேட்டால், பெரும்பாலும் வேத வசனத்தில் தொடங்க மாட்டார்கள். இரவு உடையிலேயே கணக்குப் போடலாம், மஞ்சள் பேருந்துக்காகக் கொட்டும் பனியில் நிற்க வேண்டாம், பசித்தால் அடுக்களை பக்கத்திலேயே இருக்கிறது என்று அடுக்குவார்கள். வகுப்பில் முதல் மாணவனும் நானே, கடைசி மாணவனும் நானே என்பார்கள். தலைமை ஆசிரியர் ராத்திரி சாப்பாட்டுக்கு எங்களோடுதான் உட்காருவார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். டிம் ஹாக்கின்ஸ் என்ற கிறிஸ்தவ நகைச்சுவைக் கலைஞர் வீட்டுக்கல்விக் குடும்பங்களைக் கிண்டல் செய்து பாட்டே பாடியிருக்கிறார். அதை விரும்பிக் கேட்டவர்களும் அந்தக் குடும்பங்கள்தான்.

இந்தச் சிரிப்பை நான் மதிக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளை தன் வீட்டையும் பெற்றோரையும் படிப்பையும் சேர்த்து மகிழ்ச்சியோடு பேசுவது எந்த நாட்டிலும் சாதாரண விஷயம் அல்ல. ஆனால் ஒரு முறையை எடைபோட உட்காரும்போது ஒன்றைக் கேட்டாக வேண்டும். அந்தப் பிள்ளை சாட்சி சொல்வது வீட்டுக்கல்வி என்ற முறைக்கா, அல்லது தனக்கு வாய்த்த அந்த ஒரு வீட்டுக்கா? இதற்குப் பதில் தேடினால் முறையின் பலமும் குறையும் சேர்ந்தே வெளிப்படும்.

வந்த வழி

இன்றைய வீட்டுக்கல்வி இயக்கத்துக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று மதம் சாராதது. பள்ளி ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட், குழந்தைகள் வகுப்பறையில் பயத்தால் தோற்கிறார்கள் என்று 1964-இல் எழுதினார். பள்ளிகளைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கையை மெல்ல இழந்து, 1977-இல் வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்காக ஓர் இதழையே தொடங்கினார். மற்றொன்று கிறிஸ்தவ ஊற்று. அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ரேமண்ட் மூர், டாரதி மூர் தம்பதியர், சிறு பிள்ளைகளை அவசரப்பட்டுப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்று 1975-இல் வெளியான நூலில் வாதிட்டார்கள்.

அரசுப் பள்ளிகளில் அரசே எழுதிக் கொடுத்த ஜெபத்தை 1962-லும், வழிபாடாக வேதாகமம் வாசிப்பதை 1963-லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடுத்திருந்தது. பள்ளியிலிருந்து கடவுளை வெளியேற்றிவிட்டார்கள் என்று வருந்திய பெற்றோருக்கு உபாகமம் ஆறாம் அதிகாரம் வழிகாட்டியது. வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்லும் பகுதி அது. கல்வி பெற்றோரின் கடமை என்பதை அவர்கள் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

அன்று பல மாநிலங்களில் வீட்டிலேயே கற்பிப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விட்டது. 1983-இல் மைக்கேல் ஃபாரிஸும் ஜே. மைக்கேல் ஸ்மித்தும் வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி மாநிலம் மாநிலமாக வாதாடினார்கள். 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி வழி பிறந்தது. அமெரிக்க அரசின் கல்விப் புள்ளியியல் மையத்தின் கணக்குப்படி 1999-இல் சுமார் 8.5 லட்சம் பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள். 2012-இல் அது 18 லட்சத்தை நெருங்கியது. கொரோனா வந்த 2020-இல் வசந்தத்தில் 5.4 சதவீதமாக இருந்த வீட்டுக்கல்விக் குடும்பங்கள், இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதமாயின. கறுப்பினக் குடும்பங்களில் 3.3 சதவீதம் 16.1 சதவீதமானது. இது வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்களின் பழக்கம் மட்டும்தான் என்று இனி ஒதுக்கிவிட முடியாது.

வேடிக்கைக்குள் இருக்கும் உண்மை

பிள்ளைகள் வேடிக்கையாகச் சொல்வதில் கல்வியியல் உண்மை நிறைய இருக்கிறது. மத்தியானத்துக்குள் பாடம் முடிந்துவிடும் என்பதை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து பேர் இருக்கும் வகுப்பில் வருகைப் பதிவு, வரிசை, அமைதிப்படுத்தல், அறை மாற்றம் என்று பெரும்பொழுது கரைகிறது. ஒரே மேசையில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்தால் அந்த நேரம் மிச்சம். மிஞ்சிய நேரத்தில் ஒருவன் வயலின் வாசிக்கிறான், ஒருத்தி ஆடு வளர்த்து 4-எச் இளைஞர் மன்றக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறாள், பதினாறு வயதில் இன்னொருவன் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் பாடம் படித்துப் பட்டப்படிப்புக்கான மதிப்பலகுகளைச் சேர்க்கத் தொடங்குகிறான்.

அதைவிடப் பெரிய நன்மை, படிப்பின் வேகம் பிள்ளையின் வேகமாக இருப்பது. பின்னம் புரியவில்லை என்றால் புரியும்வரை அங்கேயே நிற்கலாம். வரலாறு பிடித்துவிட்டால் பாடநூலை மூடிவைத்துவிட்டு நூலகத்திலிருந்து நூல்களை அள்ளி வரலாம். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் நூறாண்டுக்கு முன் சொன்னதுபோல, செத்துப்போன சுருக்கங்களைத் தள்ளிவிட்டு உயிருள்ள நூல்களைப் படிக்கும் குடும்பங்கள் இன்றும் பல. 1997-இல் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியில் முதன்முறையாக வீட்டில் படித்த சிறுமி ஒருத்தி வென்றாள். 2000-இல் முதல் மூன்று இடங்களுமே வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்குப் போயின. அவ்வாண்டு வென்ற பன்னிரண்டு வயது ஜார்ஜ் ஆபிரகாம் தம்பி மலையாள வேர் கொண்ட குடும்பத்துப் பிள்ளை.

நண்பர்கள் கிடைக்க மாட்டார்கள் என்ற பழைய குற்றச்சாட்டும் இன்று பலவீனமானது. பல குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு வகுப்புகள், சபை இளைஞர் குழு, விவாதப் போட்டிகள், விளையாட்டு அணிகள் என்று பல பிள்ளைகளின் வாரம் நிரம்பிவிடுகிறது. வீட்டில் படித்த டிம் டீபோ, புளோரிடா சட்டம் தந்த உரிமையால் அரசுப் பள்ளி அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, 2007-இல் கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையையும் வென்றார். வேறு பல மாநிலங்களும் அதே உரிமையை அவர் பெயரால் அழைக்கப்படும் சட்டங்கள் மூலம் வழங்கின.

விசுவாசமும் அன்றாடத்தோடு கலந்துவிடுகிறது. காலை ஜெபத்திலிருந்து அறிவியல் பாடத்துக்குப் போகும்போது வேறு உலகத்துக்குள் நுழைவதாகப் பிள்ளைக்குத் தோன்றுவதில்லை. தம் நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்க விரும்புவது பெற்றோரின் நியாயமான ஆசை. ஆனாலும் 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், மதக் கல்வியே முதன்மைக் காரணம் என்றவர்கள் 16 சதவீதம்தான். பள்ளிச் சூழலைப் பற்றிய கவலை என்றவர்கள் 34 சதவீதம். பலருக்கு வீடு ஒரு புகலிடமாகவும் இருக்கிறது.

சிரிப்பு காட்டாத பக்கம்

இனி குறைகள். வீட்டில் படித்தவர்கள் தேர்வுகளில் முந்துகிறார்கள் என்ற வாதத்துக்கு ஆதாரமாக 1999-இல் வெளியான லாரன்ஸ் ரட்னரின் ஆய்வு அடிக்கடி காட்டப்படுகிறது. 20,760 மாணவர்களின் மதிப்பெண்கள் அதில் உண்டு. ஆனால் அவர்கள் பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் தேர்வுச் சேவைக்குத் தாமாகப் பணம் கட்டி எழுதிய குடும்பத்தினர். தேர்வே எழுதாத குடும்பங்கள் கணக்கில் வரவில்லை. இதை வைத்து வீட்டுக்கல்வி உயர்ந்தது என்று முடிவு கட்டக்கூடாது என்று ரட்னரே எச்சரித்தார். ஆய்வுகளைத் தொகுத்துப் படித்த ராபர்ட் குன்ஸ்மனும் மில்டன் கெய்தரும், வீட்டில் படித்தவர்கள் மொழித்திறனில் முன்னேயும் கணிதத்தில் சற்றுப் பின்னேயும் இருக்கும் போக்கைச் சுட்டுகிறார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. கதை வாசித்துக்காட்ட எந்த அம்மாவாலும் முடியும். முக்கோணவியல் எல்லா அம்மாக்களுக்கும் வராது.

பாடநூல்களையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன் நிறுவனத்தின் 'பேஸ்' எனப்படும் சிறு ஏடுகள் ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பாடத்துக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு ஏடுகள். பிள்ளை தனியே படித்து, கோடிட்ட இடங்களை நிரப்பி, விடைப் புத்தகத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். ஏட்டின் முடிவில் தேர்வு. எண்பது சதவீதம் எடுத்தால் அடுத்த ஏடு. ஒழுங்கும் தன்னடக்கமும் இதில் வளரும் என்பது உண்மை. ஆனால் ஏட்டில் இருக்கும் விடையைத் திருப்பி எழுதப் பழகுகிற பிள்ளைக்கு, ஏன், எப்படி, வேறு வழி உண்டா என்று கேட்கப் பழக்கம் வருவதில்லை. இந்த ஏடுகளும் அபெக்கா, பாப் ஜோன்ஸ் ஆகிய கிறிஸ்தவப் பதிப்பகங்களின் பாடநூல்களும் பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்ற கோணத்திலேயே அறிவியலைச் சொல்கின்றன. படைப்பை நம்புவது ஒரு குடும்பத்தின் உரிமை. உலக அறிவியலாளர்கள் பரிணாமத்தை எந்தச் சான்றுகளால் ஏற்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வது பிள்ளையின் உரிமை. இரண்டாவது உரிமையைப் பறித்து முதல் உரிமையைக் காப்பாற்ற வேண்டிய தேவை விசுவாசத்துக்கு இல்லை.

நண்பர்கள் விஷயத்திலும் எண்ணிக்கை குறைவாக இருப்பது குறை அல்ல. ஒரே மாதிரியானவர்களாக இருப்பதுதான் குறை. கூட்டுறவு வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே சபை, அதே அரசியல், அதே வருமானம். பிற மதத்துப் பிள்ளையோடு சண்டையிட்டுச் சமாதானமாகும் அனுபவம் அரிது. அம்மாக்களின் சுமையையும் பிள்ளைகளின் வேடிக்கை சொல்வதில்லை. சமையல், கைக்குழந்தை, நான்கு வகுப்புப் பாடம் எல்லாம் ஒரு பெண்ணின் தோளில் ஏறும்போது பாதிச் சுமை மூத்த மகளிடம் இறங்குகிறது. தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லித் தருவது அவளுக்கும் பயிற்சிதான். ஆனால் அவளுடைய இயற்பியல் பாடத்தை யார் எடுக்கிறார்கள் என்று கேட்க ஆள் வேண்டும்.

கேட்க ஆள் இல்லாததுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. டெக்சாஸ் உட்படச் சுமார் பதினொரு மாநிலங்களில், பிள்ளை வீட்டில் படிக்கிறது என்று அரசுக்குத் தகவல் சொல்லவே தேவையில்லை. டெக்சாஸ் கேட்பது ஐந்து பாடங்கள்: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை. அறிவியல் பட்டியலில் இல்லை. ஐடஹோ மாநிலத்து மோர்மன் குடும்பத்தில் பிறந்த டாரா வெஸ்டோவர், பதினேழு வயதில்தான் முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தார். யூத இனப் படுகொலையைப் பற்றி அதுவரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவர் கேம்பிரிட்ஜில் முனைவர் ஆகி, தம் கதையை நூலாகவும் எழுதினார். அவர் அளவுக்கு மன உறுதி வாய்க்காத எத்தனையோ பிள்ளைகள் நூல் எழுதுவதில்லை. கலிஃபோர்னியாவின் பெரிஸ் நகரில் தம் பதின்மூன்று பிள்ளைகளில் பலரைப் பட்டினி போட்டு, சிலரைக் கட்டிவைத்த பெற்றோர், வீட்டைத் தனியார் பள்ளி என்று பதிவு செய்திருந்தார்கள். 2018 ஜனவரியில் பதினேழு வயது மகள் ஜன்னல் வழியே தப்பிப் போலீஸை அழைத்த பிறகே உலகுக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட வீடுகள் மிகமிகக் குறைவு. ஆனால் குழந்தைக் கொடுமையை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பவர்களில் பள்ளி ஆசிரியர்கள் முக்கியமானவர்கள். ஆசிரியரே பெற்றோராக இருக்கும் வீட்டில் அந்த வாசல் அடைபடுகிறது.

பதின்பருவச் சாட்சியின் எல்லை

கல்வியின் பலன் பதினைந்து வயதில் தெரிவதில்லை. ஜோஷுவா ஹாரிஸ் வீட்டுக்கல்வி முன்னோடி ஒருவரின் மகன். 1994 முதல் 1997 வரை வீட்டுக்கல்வி இளைஞர்களுக்காகவே ஒரு கிறிஸ்தவ இதழை நடத்தினார். இருபத்தோராம் வயதில், காதலித்துப் பழகும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லும் நூலை எழுதி லட்சக்கணக்கான இளைஞர்களின் வாழ்க்கையைத் தொட்டார். 2018-இல் அந்நூலைத் திரும்பப் பெற்று, படித்துப் புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு, தாம் இனி கிறிஸ்தவர் அல்ல என்றார். அதே வீட்டில் படித்த தம்பி அலெக்ஸ், ஹார்வர்டில் சட்டம் படித்து உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடம் பணியாற்றினார். ஒரே வீடு, ஒரே பெற்றோர், இரு வேறு பாதைகள். தனி மனிதரின் வெற்றியைக் காட்டியோ விலகிப் போனதைக் காட்டியோ இம்முறையை நிறுவவும் முடியாது, தள்ளவும் முடியாது.

தீர்ப்பு

ஜெர்மனி வீட்டுக்கல்வியை அநேகமாக முழுதும் தடுக்கிறது. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் எலிசபெத் பார்த்தோலெட் 2020-இல், தகுந்த காரணம் காட்டும் பெற்றோருக்கு மட்டும் அனுமதி என்ற நிலையை அமெரிக்காவுக்கும் பரிந்துரைத்தார். வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கமோ எந்தக் கட்டுப்பாட்டையும் சந்தேகத்தோடு எதிர்க்கிறது. இரண்டுமே எனக்கு ஏற்புடையன அல்ல. முதலாவது நல்ல வீடுகளைத் தண்டிக்கும். இரண்டாவது கெட்ட வீடுகளை மறைக்கும்.

பென்சில்வேனியா காட்டும் நடுவழி நடைமுறைக்கு ஏற்றது. பெற்றோர் ஆகஸ்ட் முதல் தேதிக்குள் உறுதிமொழி தர வேண்டும். ஆண்டுக்கு 180 நாட்கள் அல்லது அதற்கு ஈடான மணிநேரம் கற்பிக்க வேண்டும். படித்த நூல்களின் பட்டியலையும் பிள்ளையின் எழுத்து மாதிரிகளையும் சேர்த்துவைக்க வேண்டும். மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தரப்படுத்தப்பட்ட தேர்வு உண்டு. ஆண்டு முடிவில், பெற்றோர் அல்லாத தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் கோப்பைப் பார்த்து, பிள்ளையோடு நேரில் பேசிச் சான்று தருகிறார். என்ன நம்ப வேண்டும் என்று அவர் பிள்ளைக்குச் சொல்வதில்லை. பிள்ளை கற்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். வீட்டில் மகிழ்ச்சியாகப் படிக்கும் பிள்ளைக்கு அது இன்பமான ஒரு மணிநேரம். வாய் திறக்க வழியில்லாத பிள்ளைக்கு அதுவே கிடைக்கக்கூடிய ஒரே ஜன்னல்.

வீட்டுக்கல்வியின் பலமும் குறையும் ஒரே இடத்தில், வீட்டில்தான், இருக்கின்றன. அன்பும் அறிவும் உள்ள வீட்டில் அது சிறந்த பள்ளி. அவை இல்லாத வீட்டில் அதைவிட மோசமான பள்ளி வேறில்லை. ஆகவே வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கிறது என்பதில் பெருமைப்படுங்கள். உங்களுக்கு வராத பாடத்துக்கு ஆசிரியரைத் தேடுங்கள். உங்கள் சபைக்கு வெளியேயும் பிள்ளைக்கு நண்பர்களைத் தேடிக்கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வெளியார் வந்து பார்ப்பதை எதிர்க்காதீர்கள். உங்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். எங்கோ ஒரு வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது கட்டாயம் தேவை.