கூறியது கூறல்

இலக்கிய விமரிசனம் எழுதுகிறவன் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது எப்படி என்ற புத்தகத்தை எடுத்துக் கொண்டு உட்காருவது சில வாசகர்களுக்கு விபரீதமாகப் படலாம். நாவல், சிறுகதை, மிஞ்சினால் ஒரு நாடகம் என்று பேசிக் கொண்டிருந்தவனுக்கு இது என்ன புது வேலை என்று கேட்பார்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எழுத்தில் நேரும் குற்றங்களைப் பற்றி இந்தப் புத்தகத்தில் இருக்கிற அக்கறை, சமீபத்தில் நான் படித்த இலக்கிய விமரிசன நூல் எதிலும் இல்லை.

புத்தகத்தின் பெயர் 'ரீஃபாக்டரிங்'. எழுதியவர் மார்ட்டின் ஃபவுலர் என்ற ஆங்கிலேயர். முதல் பதிப்பு 1999-இல் வந்தது. பெரிதும் மாற்றி எழுதிய இரண்டாம் பதிப்பு 2018-இல். திருத்தணியில் எங்கள் தெருவில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதும் பையன் ஒருவன் இருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் போய் வருவான்; மற்ற நாட்களில் மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்வான். அவன்தான் இரண்டு பதிப்புகளையும் கொண்டு வந்து கொடுத்தான்.

"புரியாத இடத்தைத் தாண்டிப் போயிடுங்க, சார். மிச்சம் கதை மாதிரி ஓடும்," என்றான்.

கதை மாதிரி ஓடவில்லை. ஆனால் தாண்டிப் போன இடங்கள் நான் பயந்த அளவுக்கு இல்லை.

விஷயம் இதுதான். ஒரு புரோகிராம் சரியாக வேலை செய்து கொண்டிருக்கிறது. போட்ட கணக்குக்குச் சரியான விடை வருகிறது. ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் ஒரே சமாசாரம் நாலு இடத்தில் எழுதியிருக்கிறது; ஒரு பகுதி முந்நூறு வரி ஓடுகிறது; பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரியவில்லை. வெளியே வருகிற விடை இம்மியும் மாறாமல், உள்ளே இருக்கும் எழுத்தைச் சிறு சிறு அடியாகத் திருத்தி ஒழுங்கு செய்வதற்குத்தான் இந்தப் பெயர். ஒவ்வோர் அடிக்கும் பிறகு விடை மாறவில்லையே என்று சோதித்துப் பார்க்க வேண்டும். நமக்குப் பழக்கமான சொல்லில் சொன்னால், கதை மாறாமல் நடையைத் திருத்துவது. சோதித்துப் பார்க்கிற வசதிதான் நமக்கு இல்லை.

முதல் பதிப்பில் ஃபவுலர் எடுத்துக் கொண்ட உதாரணம் ஒரு வீடியோ கடை. படத்தை வாடகைக்கு எடுத்துப் போகிறவருக்கு ரசீது போட வேண்டும். 2018-க்குள் அந்தத் தொழிலே அநேகமாக மறைந்து விட்டது. இரண்டாம் பதிப்பில் அதை எடுத்து விட்டு ஒரு நாடகக் கம்பெனியை வைத்திருக்கிறார். ஹாம்லெட், ஒதெல்லோ, ஆஸ் யூ லைக் இட் என்று ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்கள். சோக நாடகத்துக்கு ஒரு விதமாகக் கட்டணம், இன்ப நாடகத்துக்கு வேறு விதமாக. சோகத்துக்கு அடிப்படைக் கட்டணம் அதிகம். நம் ஊர் சபாக்காரர்களைக் கேட்டால் நேர்மாறாகத்தான் கணக்குப் போடுவார்கள். போகட்டும். ரசீதை வெறும் எழுத்தாக மட்டுமன்றி, வலைப் பக்கத்தில் காட்டுகிற வடிவிலும் தரவேண்டும் என்று தேவை எழுகிறது. சோம்பேறி என்ன செய்வான்? இருக்கிற பகுதியை அப்படியே நகல் எடுத்து, அங்கங்கே இரண்டு சொல்லை மாற்றுவான். அன்றைக்கு வேலை முடிந்து விடும். நாளைக்குக் கட்டண விதி மாறினால் இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும். ஒன்றில் திருத்தி, மற்றதை மறந்தால் ஒரே நாடகத்துக்கு இரண்டு விலை.

இந்த இடத்தில்தான் எனக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. பவணந்தி முனிவர் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தை வரிசைப்படுத்துகிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், அதன் பின் மூன்றாவதாகக் கூறியது கூறல், நான்காவதாக மாறுகொளக் கூறல். பள்ளிக்கூடத்தில் இதை உருப்போட்ட காலத்தில் மூன்றும் நான்கும் ஏன் அடுத்தடுத்து நிற்கின்றன என்று நான் யோசித்ததில்லை. தொல்காப்பிய மரபியலிலும் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஃபவுலரைப் படித்த பிறகு அந்த அண்மைக்கு ஓர் அர்த்தம் கிடைத்தது. கூறியதை இரண்டாம் முறை கூறிய அன்று ஒரு கெடுதியும் இல்லை. காது கொஞ்சம் சலிக்கும், அவ்வளவுதான். காலம் போகப் போக ஒரு பிரதி திருந்தும், மற்றது திருந்தாது. அன்றைக்கு மூன்றாம் குற்றம் நான்காம் குற்றமாகிறது. நூலாசிரியர்கள் இதை நினைத்துத்தான் அடுத்தடுத்து வைத்தார்கள் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஃபவுலரும் கெண்ட் பெக் என்பவரும் சேர்ந்து எழுதிய அத்தியாயம் ஒன்றில் இப்படிப்பட்ட குற்றங்களின் பட்டியல் வருகிறது. குற்றம் என்று சொல்லாமல் 'நாற்றம்' என்கிறார்கள். அத்தியாயத்தின் தலைப்பில், குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பெக்கின் பாட்டி சொன்ன வார்த்தை ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்; அதிலிருந்து வந்த உவமை. நாற்றம் என்றால் நோய் என்று ஆகி விடாது, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே பொருள். விமரிசகனுக்கு மிகவும் உகந்த சொல் இது. முதல் பதிப்பின் பட்டியலில் முதல் இடம் கூறியது கூறலுக்கு. இரண்டாம் பதிப்பில் அதற்கு முன்னே வேறொன்று வந்து உட்கார்ந்து விட்டது: பொருள் விளங்காத பெயர். நன்னூலின் 'மயங்க வைத்தல்' என்றே வைத்துக் கொள்ளலாம். இருபது வருஷ அனுபவத்தில் அவருக்கு முன்னுரிமை மாறியிருக்கிறது. இந்த ஓர் இட மாற்றத்தைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதலாம்.

இதெல்லாம் எழுத்துக்காரர்களின் நாசூக்கு என்று நினைத்து விடக் கூடாது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி தன் போன்களிலும் கம்ப்யூட்டர்களிலும் இருந்த ஒரு பிழையை அவசரமாகத் திருத்தியது. இணையத்தில் நாம் பேசுவது உண்மையான பாங்கோடுதானா, பாங்கு வேஷத்தில் வந்த எத்தனோடா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி அது. வரிசையாகச் சில சோதனைகள். ஒவ்வொன்றின் கீழும், தோற்றால் வெளியேறு என்ற கட்டளை. ஓரிடத்தில் அந்த வெளியேறும் வரி மட்டும் இரண்டு முறை விழுந்து விட்டது. முதல் வரி 'தோற்றால்' என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாதது. ஆகவே சோதனை ஜெயித்தாலும் புரோகிராம் அங்கேயே வெளியேறியது, குற்றம் ஒன்றும் இல்லை என்ற சான்றிதழோடு. அதன் பின் இருந்த முக்கியமான சோதனை நடக்கவே இல்லை. ஒரே ஒரு வரி. அச்சுக் கோப்பவர் ஒரு வரியை இரண்டு முறை கோத்து விட்டால் நாவலில் வாசகன் சிரித்து விட்டு மேலே படிப்பான். யந்திரத்துக்குச் சிரிக்கத் தெரியாது.

நன்னூலின் பத்தாவது குற்றம் நின்று பயனின்மை. சொல் நிற்கிறது, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பியர்களின் ஏரியன் 5 ராக்கெட், தன் முதல் பயணத்தில், கிளம்பிச் சுமார் நாற்பது விநாடியில் சிதறியது. முந்திய ஏரியன் 4-க்காக எழுதிய திசை காட்டும் புரோகிராமை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பகுதி, ராக்கெட் தரையை விட்ட பிறகு ஏரியன் 5-க்குத் தேவையே இல்லாதது. பழைய வழக்கப்படி ஓடிக் கொண்டிருந்தது. புதிய ராக்கெட்டின் கிடைவேகம் பழையதை விட அதிகம். அந்த எண் ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டாவது கம்ப்யூட்டரும் வைத்திருந்தார்கள். அதிலும் அதே புரோகிராம்; அதுவும் அதே காரணத்தால் நின்றது. கூறியதையே கூறுகிற இரண்டு சாட்சிகளை வைத்துக் கொண்டு வழக்கு ஜெயிக்க முடியுமா?

நகலைக் கண்டு பிடிப்பதற்கு யந்திரங்கள் இருக்கின்றன. 1990-களில் பெல் லாபரட்டரியைச் சேர்ந்த பிரெண்டா பேக்கர் என்ற அம்மையார் செய்து காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெயர்களையெல்லாம் எடுத்து விட்டு, அந்த இடத்தில் ஓர் அடையாளம் மட்டும் வைத்து, வரிசை ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது. ராமுவைச் சோமு ஆக்கி, கும்பகோணத்தைக் காஞ்சிபுரம் ஆக்கினால் வேறு கதை ஆகி விடும் என்று நம்புகிற சிலருடைய தொடர்கதைகளை இந்த யந்திரத்தில் ஒரு தடவை போட்டுப் பார்க்க ஆசை.

சிக்கலை அளக்கவும் வழி இருக்கிறது. தாமஸ் மெக்கேப் என்பவர் 1976-இல் சொன்ன கணக்கு. புரோகிராமில் எத்தனை இடத்தில் வழி பிரிகிறது என்று எண்ணி, ஒன்றைக் கூட்டிக் கொள்ள வேண்டும். எங்கள் தணிகை மலைக்குப் படி வழி 365 படி, வருஷத்தில் நாளுக்கு ஒன்று. வழி பிரியாமல் நேரே ஏறினால் அதன் சிக்கல் ஒன்றுதான், படி எத்தனை இருந்தாலும். அடிவாரத்தில் நின்று, படியா, கார்ப் பாதையா என்று யோசித்தால் இரண்டு. ஒரு பகுதியில் இது பத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும் என்பது மெக்கேப்பின் அபிப்பிராயம். நீளம் வேறு, சிக்கல் வேறு என்று இவ்வளவு சுருக்கமாகப் பிரித்துக் காட்டிய விமரிசகர் நமக்கு இல்லை. நூறு பக்கத்துக் கதையில் திக்குமுக்காடியும் இருக்கிறோம், ஆயிரம் பக்கத்து நாவலில் சுகமாக நடந்தும் இருக்கிறோம்.

ஆனால் நகலைக் குறைத்தால் சிக்கலும் குறையும் என்று நினைத்தால் அது நடப்பதில்லை. தெருப் பையன் கதை அதுதான். அவன் கைக்கு வந்த புரோகிராம் பஸ் டிக்கெட் போடுவது. திருத்தணி 1960 ஏப்ரல் முதல் தேதி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்த ஊர். நகரிக்கும் திருப்பதிக்கும் போகிற பஸ் சற்று நேரத்தில் ராஜ்ய எல்லையைத் தாண்டி விடும். இந்தப் பக்கத்துக் கட்டணம் ஒரு பகுதியாகவும், அந்தப் பக்கத்துக் கட்டணம் இன்னொரு பகுதியாகவும் முதலில் எழுதியிருந்தார்கள். ஒரு காலத்தில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. யாரோ ஒரு கெட்டிக்காரர் இரண்டையும் ஒன்றாக்கி விட்டார். பிறகு ஒரு பக்கம் விதி மாறியது. ஒன்றாக்கிய பகுதிக்குள் 'இந்த ராஜ்யமானால்' என்று ஒரு கிளை. பிறகு முதியோர் சலுகை ஒரு பக்கம் மட்டும், இன்னொரு கிளை. ஆடிக் கிருத்திகைக்குச் சிறப்பு பஸ், மேலும் ஒன்று. பையன் பார்த்த போது மெக்கேப் கணக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. ஒரு தடவை பாட்டிமார் சிலருக்குச் சலுகை இல்லாமல் முழு டிக்கெட் விழுந்து, புகார் வந்த பிறகுதான் அவனைக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டையும் மறுபடி பிரிச்சிட்டேன், சார். நகல் சதவீதம் ஏறிடுச்சுன்னு மேனேஜர் கோவிச்சுக்கிட்டாரு. யந்திரம் சிவப்பு காட்டுதாம்," என்றான்.

அவன் செய்தது சரி. சாண்டி மெட்ஸ் என்ற அமெரிக்கப் புரோகிராம்காரி 2014-இல் ஒரு பேச்சிலும் 2016-இல் ஒரு கட்டுரையிலும் இதையே வாதாடியிருக்கிறார்: தவறாக ஒன்றாக்கியதை விட நகலே மலிவு; தவறு தெரிந்தால் கூச்சப்படாமல் பழையபடி பிரித்து விட வேண்டும். ஒன்று போலத் தோன்றுவது வேறு, ஒன்றாக இருப்பது வேறு. எங்கள் ஊர்க் கடைப் பலகையில் தமிழில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி. பொருள் ஒன்றே. ஆனால் படிக்கிற ஆள் வேறு. அதைப் போய்க் கூறியது கூறல் என்று அடிப்பார்களா?

நம் இலக்கணக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். சிக்கனத்தில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. பாணினி ஒரு சூத்திரத்தில் சொன்ன சொல்லை அடுத்த சூத்திரங்களில் சொல்லாமலே கூட வர வைக்கிறார்; சுமார் நாலாயிரம் சூத்திரத்தில் ஒரு மொழியை அடக்கி விட்டார். தொல்காப்பியரும் ஒரு விதியை விரித்துச் சொல்லி விட்டு, அடுத்ததற்கும் அது போலத்தான் என்று கை காட்டி விட்டுப் போகிறார். மாட்டெறிதல் என்று உரைகாரர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். எழுதுகிறவனுக்கு லாபம், படிக்கிறவன் முந்திய விதியை நெஞ்சில் சுமந்து கொண்டே வர வேண்டும். அந்தச் சுமையை இறக்கி வைக்கத்தான் இளம்பூரணர் முதல் அத்தனை உரைகாரர்கள் தேவைப்பட்டார்கள். மாட்டு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு முல்லைப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் செய்த உரையைப் பார்க்கலாம். எங்கோ இருக்கும் சொல்லை எங்கோ இருக்கும் சொல்லோடு கொண்டு போய் முடிக்கிறார். மறைமலையடிகள் தம் ஆராய்ச்சியுரையில் அதை மறுத்து எழுதினார். பாட்டு எளிமையானது, வழிதான் சிக்கல்.

ஃபவுலர் இதை அறியாதவர் அல்லர். டான் ராபர்ட்ஸ் என்பவர் சொன்னதாக ஒரு விதி தருகிறார்: முதல் முறை எழுது, இரண்டாம் முறை முகம் சுளித்துக் கொண்டே எழுது, மூன்றாம் முறை வந்தால் ஒன்றாக்கு. இரண்டாம் முறையில் பொறுத்துக் கொள்ளச் சொல்வதில் எவ்வளவு விவேகம் இருக்கிறது! அவர் தருகிற திருத்தங்களில் பல, ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒரு பகுதியைத் தனியே பிரித்தெடுக்க ஒரு முறை. பிரித்ததை மீண்டும் உள்ளே சேர்க்க இன்னொரு முறை. இரண்டுக்கும் அதே மரியாதை, அதே விவரம். எப்போது எது என்று கேட்டால், படித்துப் பார் என்பதுதான் பதில்.

என் குறை இது: பாட்டில் பல்லவி திரும்பி வருகிறது, அனுபல்லவியைக் கேட்டு விட்டு வருகிற பல்லவி முதலில் கேட்ட பல்லவி அன்று. புரோகிராமிலும் அப்படி வேண்டுமென்றே திரும்பச் சொல்கிற இடம் உண்டா, அது அழகாக இருக்க முடியுமா என்ற கேள்வியை ஃபவுலர் தொடவில்லை. பையனைக் கேட்டேன். "சோதனை எழுதற இடத்துல நாங்க வேணும்னே திருப்பிச் சொல்லுவோம், சார். அங்க படிக்கிறவன் வேற எங்கயும் போய்ப் பார்க்கக் கூடாது," என்றான். இதை ஃபவுலர் ஓர் அத்தியாயமாகவே எழுதியிருக்கலாம்.

புத்தகத்தின் பிற்பகுதி முழுவதும் ஓர் அகராதி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெயர், ஏன், எப்படி, உதாரணம் என்று ஒரே அச்சில் வார்த்த குறிப்புகள். நகலை எதிர்த்து எழுதிய நூலில் நகல் மயம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கேயே முழுவதும் கிடைக்க வேண்டிய நூல், வேறு எப்படி எழுத முடியும்? புரோகிராம் தெரியாத வாசகர்கள் முதல் மூன்று அத்தியாயங்களோடு நிறுத்திக் கொள்ளலாம். இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். நாடகக் கம்பெனி அதில்தான் இருக்கிறது.