நாடகத் தச்சன்

வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட அடிகளின் பெயர் தாங்கிய நகரிலே வாழ்பவன் நான். சொல்லின் வேரைத் தேடுவது இங்கே வீண்வேலை ஆகாது.

அண்மையில் என் வகுப்பு மாணவன் ஒருவன், நாடக ஆசிரியரைக் குறிக்கும் ‘பிளேரைட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதிவிட்டான். ‘எழுது’ எனப் பொருள்படும் ‘ரைட்’டைப் பின்பாதியில் சேர்த்திருந்தான். “நாடகம் எழுதுகிறவர்தானே, ஐயா?” என்றான். கேள்வி நியாயமானது, விடைதான் வேறு. ஒலி ஒன்று, வேர் வேறு. அந்த ‘ரைட்’ வினைஞன் என்னும் பொருளுடைய பழஞ்சொல். கப்பல் கட்டும் தச்சன் ‘ஷிப்ரைட்’. சக்கரம் செய்பவன் ‘வீல்ரைட்’. அவ்வரிசையில், காட்சிகளை இழைத்து, இணைத்து, மேடையில் நிலைநிறுத்துபவன் ‘பிளேரைட்’.

“அப்படியானால் தச்சுவேலை செய்யும் என் அப்பாவும் அவரும் ஒரே இனமா?” என்றான் அவன். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

பென் ஜான்சனும் சிரித்தவர்தாம். 1616இல் அச்சான தம் சிறுபாக்களில் இச்சொல்லை ஏளனமாக ஆண்டார். தாம் கவிஞராம், மற்றவர் வெறும் வினைஞராம்! அவரோ இளமையில் செங்கல் அடுக்கியவர். கரணை பிடித்த கையே உளி பிடித்த கையை இகழ்ந்தது.

நாம் மட்டும் என்ன செய்தோம்? ஊர் ஊராய் ஆடியவனைக் ‘கூத்தாடி’ என்று ஒதுக்கினோம். தாம்பரத்தை அடுத்த பம்மலைத் தம் பெயரில் கொண்ட சம்பந்த முதலியார், 1891இல் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பின்னாளில் வழக்கறிஞரும் நீதிபதியும் ஆனார். படித்தவர் அரிதாரம் பூசிய பின்னரே நாடகத்துக்கு மதிப்பு வந்தது. மதிப்பு கலைக்கா, பட்டத்துக்கா?

இங்கிலாந்தில் ‘ரைட்’ குடும்பப் பெயருமாயிற்று. ஆயினும் அப்பெயருடைய இரு உடன்பிறந்தார் 1903இல் அமெரிக்காவில் விமானம் பறக்கவிட்டனர். தச்சராகவே இருங்கள் என்று எவரும் தடுக்கவில்லை. இங்கோ தொழிற்பெயர் சாதியாக இறுகிற்று. பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோர் தொழில் என்று 1953இல் வந்த கல்வித் திட்டம், மக்கள் எதிர்ப்பால் 1954இல் வீழ்ந்தது. தொழிலைப் போற்றுவது வேறு. பிறப்பினால் அதிலே பூட்டுவது வேறு.

மறுநாள் அம்மாணவனுக்கு, எல்லோரும் கேட்க, விடை சொன்னேன்: “ஆம் தம்பி, ஒரே இனம், உழைப்போர் இனம். நீ உளியை எடுக்கலாம், எழுதுகோலையும் எடுக்கலாம். தேர்வு உன்னுடையது.”

வகுப்பு சிரிக்கவில்லை.