கோட்டையும் குறிப்பேடும்

பேரரசுகள் எதனால் எழுகின்றன? எதனால் விழுகின்றன? டூப்ளே என்றொரு தீரன்; கிளைவ் என்றொரு தீரன்; இருவரும் மோதினர்; ஒருவன் வென்றான், மற்றவன் வீழ்ந்தான். இப்படித்தான் நமக்குச் சொல்லப்பட்டது. இதுதானா வரலாறு?

இவ்வீரக் கதையை மறுக்கும் ஏடு நம் தமிழிலேயே உண்டு. டூப்ளேயின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பே அது. பண்டித நடையன்று, பேச்சு கலந்த வணிகர் நடை. அதனாலேயே இன்றும் உயிரோடிருக்கிறது. யார் என்ன நஜர் வைத்தார், எவர் எவருக்குக் கடன்பட்டார் என்று கூறி, அரியணைக்கு அடியில் கிடந்த பணமூட்டையை அவிழ்த்துக் காட்டுகிறது.

1742இல் புதுவை ஆளுநரானான் டூப்ளே. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1750இல் அவன் படை திருவதிகையில் முகமது அலியை முறியடித்தது. அதே செப்டம்பரில் புஸ்ஸி செஞ்சிக் கோட்டையில் ஏறினான். திருவெண்ணெய்நல்லூருக்குத் தென்கிழக்கே திருவதிகை, வடக்கே செஞ்சி. இடையே கிடந்தவை உழவரின் வயல்கள்!

உச்சிக்கு ஏறியவனுக்குச் சரிவு விரைந்து வந்தது. 1752இல் திருச்சியில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அவர்கள் தூக்கிவிட்ட சந்தா சாகிபு கொல்லப்பட்டான். 1754இல் டூப்ளேயே திருப்பி அழைக்கப்பட்டான். 1760இல் வந்தவாசித் தோல்வி. 1761இல் புதுவையும் செஞ்சியும் பறிபோயின. டூப்ளேயோ, தனக்குச் சேரவேண்டிய பணத்தைக் கம்பெனியிடம் கேட்டு வழக்காடியே 1763இல் வறுமையில் மாண்டான்.

காரணம் என்ன? நவாபுகளின் நிலவரியைக் கொண்டு படை நடத்தலாம் என்ற கணக்குப் பொய்த்தது. ஆதாயம் நாடிய கம்பெனிக்கு ஓயாத போர் கசந்தது. கடலாதிக்கமோ ஆங்கிலேயன் கையில் இருந்தது.

இங்கேதான் நாட்குறிப்பின் குறையும் தெரிகிறது. வரவு செலவு எழுதுவதில் வல்லவரான பிள்ளை, உயர்வுக்கும் தாழ்வுக்கும் காரணம் கூறுமிடத்தில் கிரகத்தையும் விதியையும் துணைக்கு அழைக்கிறார். கணக்கை எழுதிய கையே விடையைக் கோளிடம் ஒப்படைத்துவிட்டது! மற்றொரு குறை இதனினும் பெரிது. துபாஷின் கண்ணுக்குத் தர்பார் தெரிந்த அளவுக்கு வயல் தெரியவில்லை. இரு கொடிகளின் கீழும் நின்று மடிந்த சிப்பாய்களில் நம்மவர் எத்துணையோ பேர். அவர்கள் குரல் அங்கே ஒலிக்கவில்லை.

ஆயினும் இந்நூலை நாம் தள்ளமாட்டோம். மாணவர் கையில் கொடுப்போம். கோட்டையைப் பிடித்தவன் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், அப்படைக்குச் சோறு போட்ட வரியைக் கட்டியவன் யார் என்றும் கேட்போம். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, இனி எந்தப் பேரரசைக் கண்டும் வாய் பிளந்து நிற்கமாட்டான்.