சுராங்கனி எங்கே குடியேறினாள்?

ஒரு பாட்டு மொழி மாறிப் போகும்போது எதைக் கொண்டுபோகிறது, எதை விட்டுப்போகிறது? கும்பியாவைக் கேட்கும்போது எனக்கு எழும் கேள்வி இது. கொலம்பியாவின் கரீபியன் கரையோரம் ஆபிரிக்க முழவும் பூர்வகுடிகளின் குழலும் ஸ்பானிய மொழியும் கலந்து பிறந்த இசை அது. மெக்சிக்கோ வழியாக டெக்சாஸ் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் வந்தது. அங்கே பாடிப் புகழ்பெற்ற செலினா 1995 மார்ச்சில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு யூலையில் வெளியான அவரது ஆங்கிலப் பாடல் தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் ஸ்பானியப் பாடல்களும் இருந்தன. அவரது அண்ணன் ஏ.பி. கின்டனிலா தொடங்கிய கும்பியா கிங்ஸ் குழுவும் இரு மொழிகளிலும் பாடிற்று.

நமக்கு இது புதுக்கதையல்ல. 1505இல் வந்த போர்த்துக்கேயரின் மொழி, காப்பிரிகளின் தாளம், பறங்கியரின் கொண்டாட்டம், நம் மண்ணின் றபான் எல்லாம் சேர்ந்ததே பைலா. ஏ.ஈ. மனோகரன் 1970களில் பாடிய 'சுராங்கனி' கடல் கடந்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலிலும் ஒலித்தது. சிங்களப் பல்லவி அப்படியே நின்றது. பொருள் அறியாமலே தமிழகம் அதைப் பாடியது. தாளத்தின் வெற்றி அது, மறுப்பதற்கில்லை.

ஆனால் விலை என்ன? சுற்றுலா பஸ்ஸில் கந்தப்பளைப் பிள்ளைகள் இதை உரத்துப் பாடுவார்கள். யார் பாட்டு என்று கேட்டால், "சினிமாப் பாட்டு சேர்" என்பார்கள். காப்பிரியும் பறங்கியரும் மறைந்தனர். மனோகரனும் பாதி மறைந்தார். 2018இல் சென்னையில் அவர் காலமானபோதுதான் பலருக்கு அவர் பெயர் நினைவுக்கு வந்தது.

நித்தி கனகரத்தினம் வேறு வழியில் போனார். 1960களின் இறுதியில் தமிழிலேயே பைலா பாடிய அவர், 'சின்ன மாமியே' போன்ற பாடல்களில் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சையே தாளத்தில் வைத்தார். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்ற அவரது புத்திமதியும் ஆடவைத்தது. அப்பாடல்கள் 'சுராங்கனி' போனவளவு தூரம் போகவில்லை. எனினும் ஊரை இழக்கவில்லை. தரத்தில் நான் இவற்றையே உயர்வாகக் கொள்வேன்.

இன்னொரு குறையும் உண்டு. நான் கேட்ட இலங்கைத் தமிழ்ப் பொப் தொகுப்புகளில் மலையகத்தின் தப்பு ஒலிக்கவில்லை. சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் தேயிலைத் தோட்டத்தைப் பாடினார். மலைநாட்டு மக்களின் பாடல்களையும் தேடித் தொகுத்தார். மொழி கடப்பதும் ஊரைக் காப்பதும் ஒருவராலேயே முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆகவே இறுவட்டுத் தொகுப்போருக்கு ஒரு வேண்டுகோள்: பாட்டுக்கு முன் ஆட்களைத் தேடுங்கள். அட்டையில் பாடியவர், பிறந்த ஊர், சொற்களின் பொருள் ஆகிய மூன்றையும் அச்சிடுங்கள். இரண்டு வரி போதும். 'சுராங்கனி'யைப் பாடும் பிள்ளை அதன் வீட்டையும் அறியட்டும்.